ஜீரோ லக்ஸ்: இருட்டைப் படம் பிடித்த கேமராவின் கதை

1998-ம் வருடம் ஆகஸ்ட் மாதம் ஜப்பானின் சோனி நிறுவனம் ஒரு வினோதமான முடிவை எடுத்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஹேண்டிகேம் வீடியோ கேமராக்களில் சில மாடல்களைக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்தியது. கேமரா கெட்டுப்போய்விட்டதா என்றால் இல்லை. தேவைக்கு அதிகமாக நன்றாக வேலை செய்ததுதான் பிரச்னை!

இருட்டறையில் தூங்கும் குழந்தையை விளக்குப் போடாமல் படம் எடுக்கலாம், ராத்திரியில் உலவும் பிராணிகளை எடுக்கலாம் என்று சொல்லி அந்த வருடம்தான் 'நைட்ஷாட்' என்ற வசதியை சோனி கொடுத்திருந்தது. யாரோ சில பேர் அதைப் பட்டப்பகலில் போட்டுப் பார்த்தார்கள். லென்ஸுக்கு முன்னால் சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கும் ஒரு ஃபில்டரையும் மாட்டினார்கள். எதிரே போகிறவர்கள் மெல்லிய துணியோ நீச்சலுடையோ அணிந்திருந்தால், துணிக்கு உள்ளே இருப்பது திரையில் தெரிந்தது. ஜப்பானியப் பத்திரிகைகள் இதை எழுதின. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. சோனி அவசர அவசரமாகக் கேமராவின் அமைப்பை மாற்றியது. அதற்குள் லட்சக்கணக்கில் விற்றுப்போயிருந்தது.

வீட்டுக்கு ஒரு நைட் விஷன் கேம்கார்டர் வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அந்த மாதிரிக் கேமரா உண்மையில் என்ன செய்கிறது என்பது இதற்குள் இருக்கிறது. இருட்டில் பார்க்கும் கேமரா என்று ஒன்று கிடையாது. வெளிச்சம் சுத்தமாக இல்லாவிட்டால் எந்தக் கேமராவுக்கும் எதுவும் தெரியாது. நமக்குத் தெரியாத வெளிச்சம் அதற்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தைக் கண்டுபிடித்தது, படம் பிடித்தது, போருக்குக் கொண்டுபோனது, கடைசியில் கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவுக்குள் அடைத்தது எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 200 வருடக் கதை.

தொடங்கி வைத்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே, அதே வானியலாளர்தான். 1800-ல் சூரிய ஒளியை ஒரு முப்பட்டகக் கண்ணாடி வழியாக அனுப்பி, வானவில் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு இருக்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போக சூடு கூடியது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் இன்னும் அதிகமாக ஏறியது! சிவப்புக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. அகச்சிவப்புக் கதிர், அதாவது இன்ஃப்ரா ரெட், இப்படித்தான் மனிதனுக்கு அறிமுகமானது.

இது வெறும் சூடு மட்டுமில்லை, இதை வைத்துப் படமும் எடுக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். 1910-ல் அவர் வெளியிட்ட புகைப்படங்களில் மரங்களின் இலைகள் பனி மூடியது போல வெள்ளை வெளேர் என்று இருந்தன, வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. பச்சை இலை அகச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது என்பதால் இப்படி. ஒரு பொருள் நம் கண்ணுக்கு ஒரு மாதிரியும் அகச்சிவப்பில் வேறு மாதிரியும் தெரியும் என்ற இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1998-ல் துணிகளுக்கு நடந்ததும் இதேதான்.

அகச்சிவப்பைப் பயன்படுத்தாமல் ராத்திரியில் படம் எடுக்க ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே வழி வெடி! ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் படகில் விளக்கோடு ஏரிக்கரை ஓரமாகப் போய், மான்களின் கண்கள் மினுமினுக்கும்போது மக்னீசியம் தூளை வெடிக்க வைத்துப் படம் எடுத்தார். 1906 ஜூலை நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையில் அவருடைய 74 படங்கள் வந்தன. இந்தியாவில் அதே வேலையைச் செய்தவர் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன். 1920-களில் வட இந்தியக் காடுகளில் புலி நடக்கும் பாதையில் ஒரு கம்பியைக் கட்டி வைப்பார். புலி கால் பட்டதும் ஃபிளாஷ் வெடிக்கும், கேமரா தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்ட முதல் புலிகள் அவை என்று சொல்லலாம். 1927-ல் இதைப் புத்தகமாகவும் எழுதினார். துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்க ஜிம் கார்பெட்டுக்குத் தூண்டுதலாக இருந்தவரும் இவரே.

ஆனால் ஒரு வெடி, ஒரு படம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் புலி அந்தப் பக்கம் வருமா என்பது புலிக்கே வெளிச்சம். ஃபிளாஷ் அடித்தால் படம் எடுப்பது எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் எடுக்க வேண்டும் என்றால்?

இதற்கு 1940-களில் நியூயார்க்கில் வழி கண்டவர் வீஜி என்ற பெயரில் பிரபலமான பத்திரிகைப் புகைப்படக்காரர். அகச்சிவப்புக்கு மசிகிற ஃபிலிமைக் கேமராவில் போட்டு, ஃபிளாஷுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டிக்கொண்டு சினிமா தியேட்டருக்குள் போனார். திரையைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கும் குழந்தைகள், தூங்கி வழிபவர்கள், முத்தமிட்டுக்கொண்டிருக்கும் காதலர்கள் எல்லாரையும் எடுத்தார். யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அந்தப் படங்கள் கலைப் பொக்கிஷமாக மதிக்கப்படுகின்றன. படங்கள் அற்புதமானவை என்பதில் சந்தேகமில்லை. அந்தக் காதலர்களை யாராவது கேட்டார்களா என்பது வேறு கேள்வி. சோனி மாட்டிக்கொண்ட சிக்கலுக்கு 50 வருடம் முன்பே ஒத்திகை நடந்துவிட்டது.

அது புகைப்படம். ஓடுகிற காட்சியை அந்த நொடியே இருட்டில் பார்க்க வேண்டும் என்ற தேவை ராணுவத்துக்குத்தான் முதலில் வந்தது. 1934-ல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஜில்ஸ் ஹோல்ஸ்ட் குழுவினர் ஒரு கண்ணாடிக் குழாயை உருவாக்கினார்கள். ஒரு பக்கத்தில் அகச்சிவப்பு விழுந்தால் எலெக்ட்ரான்கள் கிளம்பும். மறுபக்கத்தில் இருக்கும் பாஸ்பர் பூச்சில் அவை மோதி, கண்ணுக்குத் தெரியும் படமாக ஒளிரும். வேலை செய்வதற்கு எதிரே அகச்சிவப்பு விளக்கைக் காட்ட வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பது மாதிரிதான், டார்ச் வெளிச்சம் மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1945-ல், ஜெர்மனி 'வாம்பீர்' என்ற கருவியைத் துப்பாக்கியின் மேல் மாட்டியது. ராத்திரியில் வேட்டையாடும் ரத்தக் காட்டேரி என்று அர்த்தம். பெயர் வைப்பதில் குறை வைக்கவில்லை. துப்பாக்கி மேல் டெலஸ்கோப், அதற்கு மேல் ஒரு பெரிய விளக்கு, முதுகில் 13 கிலோவுக்கு மேல் எடையுள்ள பேட்டரி மூட்டை. கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமப்பவர் நிலைமைதான் அந்தச் சிப்பாய்க்கும். அதே வருடம் ஒகினாவா தீவில் அமெரிக்கர்கள், இருளில் ஊர்ந்து வரும் ஜப்பானியச் சிப்பாய்களைச் சுட இதே மாதிரியான 'ஸ்னைப்பர்ஸ்கோப்'பைப் பயன்படுத்தினார்கள். எதிராளியிடம் அந்தக் கருவி இல்லாத வரைக்கும் எல்லாம் சரி. அவனும் ஒன்றை வாங்கிவிட்டால்? விளக்கு வைத்திருப்பவன்தான் முதலில் கண்ணில் படுவான்!

ஆகவே விளக்கே இல்லாமல் பார்க்கும் வழியைத் தேடினார்கள். 1960-களில், வியட்நாம் போரின்போது 'ஸ்டார்லைட் ஸ்கோப்' வந்தது. நட்சத்திர வெளிச்சம், மேகத்தின் பின்னால் இருக்கும் நிலா வெளிச்சம் என்று எது கிடைத்தாலும் அதை வாங்கி, அடுத்தடுத்து மூன்று குழாய்களில் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும். 1970-களில் தலைமுடியை விட மெல்லிய லட்சக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு தகடு அந்தக் குழாய்களின் வேலையைச் செய்ய ஆரம்பித்தது. கருவி சிறிதாகி, ஹெல்மெட்டில் மாட்டும் அளவுக்கு வந்தது. படம் ஏன் பச்சையாக இருக்கிறது என்று பலருக்குச் சந்தேகம். கருவிக்கு நிறமே தெரியாது. எந்த நிறத்தில் காட்டுவது என்பது பாஸ்பர் பூச்சைப் பொறுத்தது. மனிதக் கண்ணுக்குப் பச்சையில்தான் வெளிச்ச வித்தியாசம் நன்றாகத் தெரியும் என்பதால் பச்சையை வைத்தார்கள். 1991-ல் வளைகுடாப் போரின்போது பாக்தாத் வானத்தில் விமான எதிர்ப்புக் குண்டுகள் பச்சைப் பொட்டுகளாகப் பறந்ததை டிவியில் பார்த்த உலகத்துக்கு, 'நைட் விஷன்' என்றாலே பச்சை என்று பதிந்துவிட்டது. அதே வருடம் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்' படத்தின் இறுதியில், இருட்டில் தடுமாறும் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பெண்ணைக் கொலைகாரன் இதே பச்சைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கு அவன் தெரிய மாட்டான். அந்தக் காட்சியின் திகில் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பெருக்கிக் குழாய்களை, குறிப்பாக மூன்றாம் தலைமுறைக் குழாய்களை, அமெரிக்கா பொத்திப் பொத்தி வைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு லைசென்ஸ் வேண்டும். 2007-ல் ஐடிடி என்ற அமெரிக்க நிறுவனம், நைட் விஷன் தொழில்நுட்ப விவரங்களைச் சட்டவிரோதமாக வெளிநாடுகளுக்கு அனுப்பியதை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. அவ்வளவு கெடுபிடி! ஆனால் அதற்கு 9 வருடம் முன்பே எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில நூறு டாலருக்கு இருட்டில் படம் எடுக்கும் கேமரா கிடைத்தது எப்படி?

ராணுவக் கருவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் பதில். இந்தக் கிளைக்கதை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. வில்லர்ட் பாய்ல், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சி.சி.டி. என்ற சிலிக்கான் சில்லை உருவாக்கினார்கள். (40 வருடம் கழித்து, 2009-ல் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.) ஃபிலிம் இல்லாமல், ஒளியை நேரடியாக மின்சாரமாக மாற்றும் சில்லு இது. வீடியோ கேமரா சுருங்கியது இதனால்தான். 1983-ல் தோளில் சுமக்கும் பீட்டாமூவி வந்தது, அதில் இன்னும் பழைய குழாய்தான். 1985-ல் 8 மில்லிமீட்டர் டேப்போடு, சி.சி.டி. வைத்த முதல் ஹேண்டிகேம் வந்தது. 1989-ல் பாஸ்போர்ட் அளவே இருக்கிறது என்று விளம்பரம் செய்த டிஆர்55 வந்து ஜப்பானையே கலக்கியது.

சிலிக்கானுக்கு ஒரு குணம் உண்டு. மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளம்தான் தெரியும். சிலிக்கானுக்கு 1,100 நானோமீட்டர் வரைக்கும் தெரியும். அதாவது ஹெர்ஷல் கண்டுபிடித்த அகச்சிவப்பில் ஒரு துண்டு, எந்தச் சிரமமும் இல்லாமல், பிறவியிலேயே அதற்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேராகக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போன் திரையில் மினுக்கும். (பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.)

கேமரா தயாரிப்பாளர்களுக்கு இது ஒரு தொந்தரவு. அகச்சிவப்பும் சேர்ந்து பதிவானால் நிறங்கள் கெட்டுவிடும், கறுப்புக் கோட்டு செம்பழுப்பாகிவிடும். அதனால் சில்லுக்கு முன்னால் அகச்சிவப்பை வடிகட்டும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்தார்கள். எல்லா வீடியோ கேமராவிலும் இது உண்டு. சோனி 1998-ல் செய்தது என்னவென்றால், அந்தக் கண்ணாடியை ஒரு சுவிட்ச் வைத்து நகர்த்தியதுதான்! நைட்ஷாட் போட்டால் 'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வடிகட்டி விலகும். லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி. எரியும். ரிமோட்டில் இருக்கும் அதே சங்கதிதான், கொஞ்சம் பெரிதாக. ஹோல்ஸ்ட் 1934-ல் செய்த விளக்கும் குழாயும் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது அந்தத் துணி விஷயம். துணிக்குச் சாயம் போடுவது மனிதக் கண்ணுக்காக. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சாயங்களில் பல, அகச்சிவப்பைத் தடுப்பதே இல்லை. மெல்லிய, உடலோடு ஒட்டிய செயற்கை இழைத் துணி என்றால் அகச்சிவப்பு உள்ளே போய்த் தோலில் பட்டுத் திரும்பி வரும். ராத்திரியில் கேமராவின் சின்ன விளக்கில் இது பெரிதாகத் தெரியாது. பகலில் சூரியனே பிரம்மாண்டமான அகச்சிவப்பு விளக்கு! சாதாரண ஒளியை ஃபில்டர் போட்டுத் தடுத்துவிட்டால் மிச்சம் அகச்சிவப்புப் படம் மட்டுமே. எல்லாத் துணியும் இப்படி இல்லை, தளர்வான கனத்த உடைக்கு ஒன்றும் ஆகாது, பத்திரிகைகள் பயமுறுத்தின அளவுக்கு எக்ஸ்-ரே ஒன்றும் இல்லை. ஆனால் கடற்கரையிலோ தெருவிலோ போகும் ஒரு பெண்ணுக்கு, எதிரே கேமராவோடு நிற்பவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிய எந்த வழியும் இல்லை. பிரச்னை எவ்வளவு தெரிந்தது என்பதில் இல்லை. 'அளவு குறைவுதான்' என்று சமாதானம் சொன்னவர்களுக்கு இது புரியவில்லை.

சோனி கண்டுபிடித்த தீர்வும் எளிமையானதுதான். பின்னால் வந்த மாடல்களில் நைட்ஷாட் போட்டால் லென்ஸின் கண் முழுதாகத் திறந்துகொள்ளும், ஷட்டர் மெதுவாகிவிடும். இருட்டில் இது நல்லது. வெயிலில் போட்டால் படம் மொத்தமும் வெளுத்துப் போய் ஒன்றும் தெரியாது. (அதையும் மீற அடர்த்தியான ஃபில்டர்களைத் தேடினவர்கள் உண்டு. மனிதர்கள்!)

இந்த வரலாற்றிலிருந்து கேமரா வாங்குகிறவருக்கு உதவும் முதல் விஷயம் 'லக்ஸ்' என்ற எண். கேம்கார்டர் அட்டைப்பெட்டியில் '0 லக்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவத்தியை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1 லக்ஸ். பௌர்ணமி நிலா 0.1-லிருந்து 0.3 வரை. நட்சத்திரம் மட்டும் என்றால் 0.001 பக்கம். நடுப்பகல் வெயில் 1,00,000. ஆக 0 லக்ஸ் என்றால் வெளிச்சமே இல்லை. வெளிச்சமே இல்லாத இடத்தில் படம் எடுக்கிறது என்றால் அந்தக் கேமரா விளக்கு வைத்திருக்கிறது என்று அர்த்தம், வேறெதுவும் இல்லை. '0' என்ற எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, விளக்கு எத்தனை மீட்டர் எட்டும் என்பது. அந்தக் கால நைட்ஷாட்டுக்கு ஏறக்குறைய 3 மீட்டர்தான். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் போதும். தோட்டத்து மூலையில் நிற்கும் கீரிப்பிள்ளைக்குப் போதாது. தனி விளக்கு வாங்கி மாட்டினால்தான் உண்டு.

எல்லாக் கம்பெனியும் ஒரே அர்த்தத்தில் இந்த எண்ணைப் போடவும் இல்லை. பேனசோனிக்கின் 'மேஜிக்பிக்ஸ்' வசதியிலும் 0 லக்ஸ் என்று சொன்னார்கள். அதில் அகச்சிவப்பு கிடையாது. கேமராவின் எல்.சி.டி. திரையை முன்பக்கம் திருப்பி வைத்தால் அந்தத் திரையின் வெளிச்சமே எதிரே இருப்பவர் முகத்தில் விழும், அதுதான் விளக்கு! நிறத்தோடு படம் வருகிறதே என்று பெருமை. யோசித்தவருக்கு ஒரு சபாஷ் போடலாம், ஆனால் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். வேறு சிலர் ஷட்டரை மெதுவாக்கி, ஒவ்வொரு பிரேமிலும் அதிக நேரம் வெளிச்சத்தைச் சேர்த்து, '1 லக்ஸ்', '2 லக்ஸ்' என்று போட்டார்கள். அசையாத பொருளுக்கு இது சரி. கையை ஆட்டினால் பேய்ப் படம் மாதிரி கோடு இழுக்கும். குறைந்த வெளிச்சத் திறனை எப்படி அளக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இஐஏ-639 என்ற ஒரு வரையறை இருந்தது. அதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை என்பதால் அவரவருக்குப் பிடித்த எண்ணை அச்சடித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2000-களில் கேமரா புதிதாக ஆக ஆக, விளக்கில்லாமல் இருட்டில் எடுக்கும் திறன் பல மாடல்களில் குறைந்தது! கேமரா சிறிதாக வேண்டும் என்று சி.சி.டி. சில்லை அரை அங்குல, மூன்றில் ஒரு அங்குல ரகத்திலிருந்து ஆறில் ஒரு அங்குல ரகம் வரை சுருக்கினார்கள். அதே சின்னச் சில்லில் புள்ளிகளை அதிகமாக்கினார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்தது. மழைக்கு வாளி வைப்பதற்குப் பதில் டம்ளர் வைத்த கதை. நைட்ஷாட் மாதிரி ஒரு விளக்கு இருந்ததால் விளம்பரத்தில் இது வெளியே தெரியவில்லை.

பேய் விஷயம் மேலே வந்ததால் அதையும் சொல்லிவிடலாம். நைட்ஷாட்டால் அதிகம் பிழைத்தவர்கள் பேய் தேடும் டிவிக்காரர்கள்தான். 2002-ல் இங்கிலாந்தில் 'மோஸ்ட் ஹாண்டட்', 2004-ல் அமெரிக்காவில் 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' என்று வரிசையாக வந்தன. அருகில் மட்டும் வெளிச்சம், பின்னால் கும்மிருட்டு, கண்கள் பூனைக் கண் போல மின்னுவது, காற்றில் மிதக்கும் தூசி விளக்கில் பட்டு வெள்ளை உருண்டையாகத் தெரிவது... எல்லாமே லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன எல்.இ.டி.யின் வேலை. அந்த உருண்டைகளை ஆவி என்று நம்பியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2007-ல் வந்த ஸ்பானியப் படம் 'ரெக்' இதையே நியாயமாகப் பயன்படுத்தியது. கேமராவின் விளக்கு உடைந்து போக, கடைசி நிமிடங்கள் முழுக்க நைட் விஷனில் ஓடும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதைவிட உருப்படியான வேலை காட்டில் நடந்தது. 2006-ல் வந்த பிபிசியின் 'பிளானட் எர்த்' தொடரில், போட்ஸ்வானா நாட்டின் சவூட்டியில் ஒரு சிங்கக் கூட்டம் ராத்திரியில் யானையை வேட்டையாடும் காட்சி வருகிறது. பகலில் யானைகளும் சிங்கங்களும் ஒரே தண்ணீர்க் குட்டையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இருட்டினால் நிலைமை மாறும். யானைக்கு இருட்டில் சிங்கம் அளவுக்குக் கண் தெரியாது. சாதாரண விளக்குப் போட்டால் யாருக்காவது சாதகமாகிவிடும். படக்குழு அகச்சிவப்பு விளக்குகளைத்தான் பயன்படுத்தியது. சிங்கத்துக்கும் தெரியாது, யானைக்கும் தெரியாது. ஷிராஸின் வெடியிலிருந்து 100 வருடத்தில் இந்த இடத்துக்கு வந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு மாற்றம் வேகமாக வந்தது. சில்லைத் திருப்பிப் போட்டு, வயர்கள் பின்பக்கம் இருக்கும்படி செய்து, விழும் வெளிச்சத்தை அதிகமாக வாங்கும் முறை பரவியது. 2014-ல் சோனியின் ஆல்ஃபா 7எஸ் வந்தது. பெரிய சில்லில் புள்ளிகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிய கேமரா. டம்ளரிலிருந்து மறுபடி வாளிக்கு! 2015-ல் கேனன் அறிவித்த எம்இ20 கேமரா 0.0005 லக்ஸில் நிறத்தோடு வீடியோ எடுக்கும். நட்சத்திர வெளிச்சத்திலும் பாதி. விலை 30,000 டாலர். 2020-ல் வெளியான 'எர்த் அட் நைட் இன் கலர்' தொடரில் நிலா வெளிச்சத்தில் சிங்கங்கள் பழுப்பாகவும் புல் பச்சையாகவும் தெரிவதற்கு இந்தத் தலைமுறைக் கேமராக்கள்தான் காரணம். செல்போன்களில் 2018-ல் கூகுளின் நைட் சைட் வந்து, பல படங்களை அடுக்கி ஒரே படமாக்கி இருட்டை வெளுத்தது. ஆனால் அது நிற்கும் காட்சிக்கு. ஓடும் பூனைக்கு இல்லை.

இன்றைக்குக் குடும்பங்களுக்கான கேம்கார்டர் என்ற ஜாதியே அருகிவிட்டது. ஆன்லைன் கடைகளில் 'நைட் விஷன்' என்று மலிவாக விற்கும் கேமராக்களில் பெரும்பாலானவை 1998-ன் அதே தத்துவம்தான்: வடிகட்டி இல்லாத சில்லு, பக்கத்தில் ஒரு அகச்சிவப்பு விளக்கு, கறுப்பு வெள்ளைப் படம். அது தப்பில்லை. பெயரைப் பார்த்து ராணுவக் கருவி என்று நினைத்தால்தான் தப்பு. வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமரா இன்னொரு ஜாதி. அதற்கு விளக்கும் வேண்டாம், நிலாவும் வேண்டாம், ஆனால் முகம் யாருடையது என்று தெரியாது, ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் தெரியாது. காணாமல் போன ஆட்டைத் தேடலாம், குழந்தையின் பிறந்தநாளை எடுக்க முடியாது.

அகச்சிவப்புக் கேமராதான் என்று முடிவு செய்தால், பார்க்க வேண்டியது அதன் விளக்கின் அலைநீளம். சந்தையில் 850, 940 என்று இரண்டு ரகம். 850 நானோமீட்டர் விளக்குக்குச் சிலிக்கான் நன்றாக வேலை செய்யும், தூரமும் அதிகம். ஆனால் இருட்டில் உற்றுப் பார்த்தால் விளக்கில் மங்கலான ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். 940-ல் அந்தப் பொட்டு தெரியாது. சில்லுக்கும் அது மங்கல்தான் என்பதால் எட்டும் தூரம் குறைந்துவிடும். வீட்டுக்குள் எடுக்க 850 போதும். கூச்ச சுபாவமுள்ள பிராணிகளை எடுப்பவர்கள் தூரத்தை விட்டுக்கொடுத்து 940 வாங்குவார்கள்.

காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமராக்களிலும் இதே பேரம்தான். அங்கே சாம்பியனின் கம்பிக்குப் பதிலாக உடல் சூட்டை உணரும் சென்சார் வந்துவிட்டது. பெரும்பாலான கேமராக்களில் வெடிக்குப் பதிலாக அகச்சிவப்பு எல்.இ.டி. வந்துவிட்டது. புலி கணக்கெடுப்பில் மட்டும் பலர் இன்னும் வெள்ளை ஃபிளாஷை விடவில்லை. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு மாதிரி, அந்த வரியை வைத்துத்தான் இது எந்தப் புலி என்று கண்டுபிடிக்க வேண்டும். அகச்சிவப்பில் ஓடும் புலியின் வரிகள் கலங்கிவிடும். 2018-ல் இந்தியா நடத்திய புலி கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைத்தார்கள். எடுத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலி இருந்தவை 76,651.